பாட் ஸ்டில் விஸ்கியோட ருசி எங்கேருந்து வருது: பச்சை பார்லியில ஆரம்பிச்சு கிளாஸ் வரைக்கும்

ஐரிஷ் விஸ்கின்னு பேச்சு எடுத்தாலே "மூணு தடவ வடிச்சது, அதான் ஸ்மூத்தா இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க, எனக்கு அது பத்தல. மூணு தடவ வடிக்கிறது உண்மைதான், ஜேம்சன், புஷ்மில்ஸ் ரெண்டுமே அப்படித்தான், ஆனா கூலி டிஸ்டிலரியோட கானமாரா ரெண்டு தடவதான் வடிக்கிறது, அதுவும் புகை ஏத்துன மால்ட்ல (மால்ட்னா முளைகட்டி காய வச்ச பார்லி), அதுவும் ஐரிஷ் விஸ்கிதான். சட்டம் கேக்குறது இவ்வளவுதான்: அயர்லாந்து தீவுக்குள்ள வடிக்கணும், வடக்கு தெற்கு ரெண்டும் சேத்து, 700 லிட்டருக்கு மேல போகாத மரப்பீப்பாயில குறைஞ்சது 3 வருஷம் அந்த தீவுலயே கிடக்கணும், ஆல்கஹால் 40 சதவீதத்துக்கு குறையாம பாட்டில்ல அடைக்கணும். மூணு தடவங்கிற பேச்சே அதுல இல்ல.

அப்போ வேற எங்கயும் கிடைக்காத, இந்த ஊருக்குன்னு இருக்கிற ருசி எதுன்னு கேட்டா அது சிங்கிள் பாட் ஸ்டில். முளைகட்டுன பார்லி, முளைகட்டாத பச்சை பார்லி ரெண்டையும் ஒன்னா போட்டு கூழ் காச்சி, புளிக்க வச்சு, செம்புப் பானையில வடிக்கிறது, பாட் ஸ்டில்ங்கிறது அந்தப் பானையோட பேரு. 2014ல எழுதுன விதிமுறைப்படி முளைகட்டுனது 30 சதவீதமாவது இருக்கணும், முளைகட்டாதது 30 சதவீதமாவது இருக்கணும், ஓட்ஸ், ரை மாதிரி வேற தானியம் 5 சதவீதத்தை தாண்டக்கூடாது. அந்த 5 ரொம்ப கம்மின்னு புதுசா வந்த டிஸ்டிலரிக்காரங்க பல பேர் சொல்றாங்க, பழைய காலத்துல ஓட்ஸ், கோதுமை எல்லாம் இதைவிட தாராளமா போட்டிருக்காங்க, நானும் அவங்க கட்சிதான்.

பச்சை பார்லி ஏன் உள்ள வந்துச்சுன்னா வரி. 1785ல மால்ட் மேல வரி போட்டாங்க, முளைகட்டாத தானியத்துக்கு அந்த வரி கிடையாது, அதனால மால்ட்டை குறைச்சு பச்சையை கூட்டுனாங்க. அந்த வரி போயி நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு, ருசி மட்டும் நின்னுடுச்சு. சரி, அந்த பச்சை பார்லி அப்படி என்னதான் பண்ணுது? பாட்டில் பின்னாடி "ஸ்பைசி, க்ரீமி"ன்னு போட்டிருக்கிறத படிச்சு படிச்சு எனக்கு ஒன்னும் விளங்கல, வாயில வச்சு பாத்தாதான் நம்புவேன்னு உக்காந்தேன். நான் இருக்கிறது கார்க்ல, மிடில்டன் டிஸ்டிலரி இங்கேருந்து ட்ரெயின்ல அரைமணி நேரத்துக்குள்ள வந்துடும், ஜேம்சன், பவர்ஸ், ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட் எல்லாமே இப்போ வடியுறது அங்கதான், அதனால சாமான் கிடைக்கிறது கஷ்டமில்ல. ஆனா இதுல எதையும் எந்த ஊர்ல இருந்தாலும் பண்ணலாம்.

முதல்ல தானியம். வீட்டுல பியர் காய்ச்சுறவங்களுக்கு சாமான் விக்கிற கடையில முளைகட்டுன பார்லி, அதாவது பேல் மால்ட், கிலோ கணக்குல கிடைக்கும். முளைகட்டாத முழு பார்லி ஹெல்த் ஃபுட் கடையில இருக்கும். சூப்புக்கு போடுற பேர்ல் பார்லி வாங்காதீங்க, அது மேல்தோல் எல்லாம் தீட்டுனது. ரெண்டையும் உள்ளங்கையில பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா கிட்டத்தட்ட ஒன்னுதான், முளைகட்டுனது லேசா உப்பி வெளிறி இருக்கும். வாயில போட்டுதான் தெரியும். மால்ட்ட கடிச்சா மொறுக்குன்னு உடைஞ்சு மாவாகி நாக்குல இனிக்குது, ஒரு பிடி சும்மாவே மென்னு தின்னலாம். பச்சை பார்லிய கடைவாய்ல வச்சு அழுத்தினா பல்லு வழுக்குது, உடையவே மாட்டேங்குது, கொஞ்ச நேரம் எச்சில்ல ஊற வச்சு கடிச்சா அப்புறம்தான் விட்டுக்குடுக்குது, இனிப்பு சுத்தமா இல்ல, ஒரு பச்சை வாசனை, புல்லு அறுத்த இடத்துல வருமே அது, கூடவே மெல்ல மெல்ல ஒரு கொழகொழப்பு பல்லு இடுக்குல ஒட்டிக்குது. இந்த புல்லு வாசனையையும் இந்த ஒட்டுதலையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி கிளாஸ்ல தேடப்போறது இதத்தான்.

அடுத்து கூழ். மூணு தெர்மாஸ் ஃபிளாஸ்க் எடுத்துக்கிட்டேன். ஒன்னுல மால்ட் மட்டும் 100 கிராம், இன்னொன்னுல பச்சை பார்லி மட்டும் 100 கிராம், மூணாவதுல பச்சை 60 மால்ட் 40. மிடில்டன் பாட் ஸ்டில் பத்தி பேசுறவங்க பொதுவா சொல்ற கணக்கு இந்த 60க்கு 40, அதான் அத எடுத்தேன். எல்லாத்தையும் மிக்ஸியில கொரகொரப்பா உடைச்சேன், மால்ட் ரெண்டு சுத்துல உடைஞ்சிடும், பச்சை பார்லிக்கு மிக்ஸி கத்துற கத்தல் தெருவுக்கே கேக்கும், கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு ஓட்டுங்க, ஜார் சூடாச்சுன்னா நிறுத்திடுங்க. ஃபிளாஸ்க்க முன்னாடியே கொதிக்கிற தண்ணி ஊத்தி சூடாக்கி கொட்டிட்டு, 72 டிகிரி தண்ணி 400 மில்லி ஊத்தி தானியத்த போட்டு கிளறினா உள்ள 65 டிகிரி பக்கம் வந்து நிக்கும். சமையல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேணும், இதுல கைய வச்சு பாத்து குத்துமதிப்பா பண்ண முடியாது, ஏன்னா மால்ட்ல இருக்கிற என்சைம் 75 டிகிரிக்கு மேல போனா சீக்கிரமே செத்துடும், 55க்கு கீழ இருந்தா பச்சை பார்லி மாவு வேகாது. மூடி போட்டு ஒரு மணி நேரம். நடுவுல ரெண்டு தடவ குலுக்கி விட்டா போதும்.

திறந்து பாத்தப்போ மூணும் மூணு விதம். மால்ட் மட்டும் போட்டது தண்ணியா, தேன் கலர்ல, மோந்தா அப்படியே ஹார்லிக்ஸ், குடிச்சா பல்லு கூசுற இனிப்பு. பச்சை பார்லி மட்டும் போட்டது சாம்பல் வெள்ளையில பசை, ஸ்பூன நட்டா நிக்கும், இனிப்பே இல்ல. மூணாவதுதான் நான் எதிர்பாத்து உக்காந்திருந்தது. 60 பங்கு பச்சை போட்டும் அது இனிச்சுது! மால்ட்ல இருக்கிற என்சைம் தன்னோட மாவுச்சத்த சக்கரையாக்கினது போக பச்சை பார்லியோடதையும் சேத்து உடைச்சிடுது, பழைய டப்ளின் டிஸ்டிலரிகளோட வரிக் கணக்கு ஏன் வேலை செஞ்சுதுன்னு அந்த ஒரு வாய்ல புரிஞ்சிடும். அயோடின் போட்டும் பாத்தேன், பீட்டாடீன் போதும், வெள்ளை தட்டுல தெளிஞ்ச தண்ணி மட்டும் ரெண்டு சொட்டு விட்டு பக்கத்துல ஒரு சொட்டு பீட்டாடீன், பச்சை பார்லி தண்ணி உடனே கருநீலமா மாறிடுச்சு, மால்ட்டும் கலவையும் பழுப்பாவே நின்னுச்சு, அதாவது மாவு மிச்சமில்ல. உமித் துண்டு உள்ள வந்தா அதுவும் நீலமாகும், அதனால மேலாக்க தெளிஞ்சத மட்டும் எடுங்க.

வடிகட்டும்போது இன்னொன்னு. மால்ட் மட்டும் இருந்தது துணியில சரசரன்னு இறங்கிடுச்சு, கலவை இறங்க மாட்டேங்குது, சொட்டு சொட்டா, துணிய முறுக்கி பிழிய வேண்டியிருந்துச்சு, விரலெல்லாம் வழுவழுன்னு ஆயிடுச்சு. பார்லியில இருக்கிற பீட்டா குளுகன்ங்கிற நார்ச்சத்துதான் அது, முளைகட்டும்போது பெரும்பாலும் உடைஞ்சிடும், பச்சையில அப்படியே முழுசா இருக்கும். இங்க ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும், நிறைய பேர் இந்த வழுவழுப்புதான் விஸ்கியில எண்ணெய் மாதிரி நாக்குல படருதுன்னு நேரா முடிச்சு போட்டுடுறாங்க. அது நடக்காது. பீட்டா குளுகன் ஆவியாகாது, பானையோட அடியிலயே தங்கிடும். வடிச்ச சாராயத்தோட மேல வர்றது வேற சங்கதி, தானியத்தோட கொழுப்புச் சத்துலயும் ஈஸ்ட்லயும் இருந்து வர்ற கொழுப்பு அமிலம், அதோட எஸ்டர், இதுகள்தான், அதுல எவ்வளவு உள்ள விடணும்னு முடிவு பண்றது வடிக்கிறவங்க எந்த நேரத்துல வெட்டி எடுக்குறாங்க, அதாவது வடிஞ்சு வர்றதுல எந்தப் பகுதிய மட்டும் வச்சுக்கிறாங்கங்கிறதுதான். மிடில்டன்லயே ஒரே பானையில லைட், மீடியம், ஹெவின்னு வேற வேற பாட் ஸ்டில் சாராயம் எடுக்கிறாங்க. அப்போ பச்சை பார்லி மட்டும் தனியா எல்லாத்தையும் பண்ணிடல, பானையும் கையும் சேந்து பண்ற வேலை.

இந்த இனிப்பு தண்ணியோட நான் நிறுத்திட்டேன். லைசென்ஸ் இல்லாம வீட்டுல வடிக்கிறது இங்கயும் குத்தம், நம்ம ஊர்லயும் குத்தம், ஆபத்தும்கூட, அந்தப் பக்கமே போகாதீங்க. சக்கைய கோதுமை மாவுல பிசைஞ்சு ரொட்டி சுட்டோம், நல்லா இருந்துச்சு.

இனி கிளாஸ். என் திட்டம் என்னன்னா ஜேம்சன பிரிச்சு பாக்குறது. சாதா ஜேம்சன் ஒரு பிளெண்ட், பாட் ஸ்டில்லும் கிரெயின் விஸ்கியும் கலந்தது. கிரெயின்ங்கிறது முக்கியமா மக்காச்சோளத்துல, காலம் ஸ்டில் (column still), அதாவது உயரமான தூண் மாதிரி இருக்கிற வடிகலம், அதுல நிக்காம ஓடி வடியுறது. அந்த காலம் ஸ்டில்ல உருப்படியா வடிவமைச்சு 1830ல காப்புரிமை வாங்குனது அயர்லாந்துலயே எக்சைஸ் அதிகாரியா இருந்த ஈனியஸ் காஃபி, ஆனா டப்ளின்ல பெரிய டிஸ்டிலரிக்காரங்க அத சீந்தல, அது விஸ்கியே இல்லன்னாங்க, ஸ்காட்லாந்துக்காரங்க வாங்கி வச்சு பிளெண்ட் போட்டு உலகத்தையே புடிச்சிட்டாங்க. அப்புறம் 1920ல அமெரிக்காவுல மதுவிலக்கு, 1930கள்ல பிரிட்டனோட வரிச் சண்டைன்னு அடி மேல அடி, 1966ல ஜேம்சன், பவர்ஸ், கார்க் டிஸ்டில்லரீஸ் மூணும் ஒன்னா சேந்துதான் தாக்குப்பிடிக்க முடிஞ்சுது, 1980கள் நடுவுல தீவு முழுக்க ஓடிக்கிட்டிருந்த டிஸ்டிலரி ரெண்டே ரெண்டு, மிடில்டனும் புஷ்மில்ஸும். பாட் ஸ்டில் எல்லாம் பிளெண்டுக்குள்ள போய் மறைஞ்சுடுச்சு. டப்ளின்ல மிட்சல் அண்ட் சன்ங்கிற ஒயின் கடைக்காரங்க கிரீன் ஸ்பாட்ட விடாம வித்துக்கிட்டிருந்தாங்க, ரெட்பிரெஸ்ட் 80கள்ல நின்னுபோயி 1991ல திரும்ப வந்துச்சு, அந்த கடைக்கு எல்லாரும் கடமைப்பட்டிருக்கோம்னு நான் நினைக்கிறேன்.

அதனால நான் வாங்குனது நாலு. கிரெயின் தனியா ருசிக்க கில்பெகன் சிங்கிள் கிரெயின், 43 சதவீதம். முளைகட்டுன பார்லி மட்டும்னா எப்படின்னு பாக்க புஷ்மில்ஸ் 10 வருஷம், 40. பாட் ஸ்டில்லுக்கு கிரீன் ஸ்பாட், 40. ஒப்பிட ஜேம்சன், 40. இங்க 2022லேருந்து குறைஞ்சபட்ச விலைச் சட்டம் வந்துடுச்சு, ஆல்கஹால் கிராமுக்கு 10 சென்ட், அதனால 700 மில்லி 40 சதவீத பாட்டில் எதுவும் 22 யூரோவுக்கு கீழ கிடையாது, நாலு பாட்டிலும் ஒரே ஆள் வாங்கினா கை கடிக்கும். நாலு பேர் சேந்து ஆளுக்கு ஒன்னு வாங்கி 100 மில்லி சின்ன பாட்டில்ல பிரிச்சுக்கோங்க, இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

கில்பெகன 40க்கு இறக்கிட்டுதான் ஆரம்பிச்சேன், இல்லன்னா 3 சதவீத வித்தியாசம் மூக்க ஏமாத்தும். 20 மில்லிக்கு ஒன்றரை மில்லி தண்ணி, மருந்து ஊத்துற சிரிஞ்ச்ல அளந்துக்கலாம். தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சது, குழாய் தண்ணியில குளோரின் வாசனை இருந்தா மொத்தமும் போச்சு. கிளாஸ் வாய் குறுகின துலிப் வடிவம் இருந்தா நல்லது, நாலும் ஒரே மாதிரி இருக்கிறது அதைவிட முக்கியம். ஆளுக்கு 10 மில்லி, மேல சின்ன தட்டு போட்டு மூடி பத்து நிமிஷம். சமையல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி காலைவேளையில பண்ணுங்க, வீட்டுல தாளிச்ச வாசனை ஒரு துளி இருந்தாலும் கிரெயின் விஸ்கி அதுக்குள்ள காணாம போயிடும். வாயில வச்சு பாத்துட்டு துப்புறதுக்கு ஒரு கப் வச்சுக்கோங்க, நாலு கிளாஸையும் திரும்பத் திரும்ப வாயில வைக்கப்போறோம், முழுங்கிக்கிட்டே போனா மூணாவது சுத்துல நாக்கு மரத்துடும், அதுக்கு அப்புறம் எழுதுறது எதுக்கும் உதவாது. வண்டி எடுக்கிற வேலை இருந்தா அன்னிக்கு இத வைக்காதீங்க.

மோந்து பாக்கும்போது வாய லேசா திறந்து வச்சு மோந்தா எரிச்சல் குறையும். கிரெயின்ல வெனிலா, வெந்த மக்காச்சோளத்தோட இனிப்பு, மேலாக்க லேசான நெயில் பாலிஷ் வாசனை. புஷ்மில்ஸ்ல பழம், தேன், மாரி பிஸ்கட். கிரீன் ஸ்பாட்ல பச்சை ஆப்பிள், கொஞ்சம் சாதிக்காய், பின்னாடி அந்த அறுத்த புல்லு. ஜேம்சன்ல கிரெயினோட வெனிலா முன்னாடி வந்து நிக்குது, பாட் ஸ்டில் ஓரமா எட்டிப்பாக்குது. மூக்குலயே பாதி வித்தியாசம் தெரியுது, ஆனா மூக்க மட்டும் நம்பினா புஷ்மில்ஸையும் கிரீன் ஸ்பாட்டையும் மாத்தி சொல்ல வாய்ப்பு நிறைய, ரெண்டுலயும் முன்னாடி போர்பன்ங்கிற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயோட வெனிலா இருக்கு, கொஞ்சம் ஷெரி ஒயின் இருந்த பீப்பாயும் இருக்கு.

வாயிலதான் கதை மாறுது. முதல் வாய கணக்குலயே எடுக்காதீங்க, அது நாக்க பழக்குறதுக்கு. ரெண்டாவது வாய் ஒரு டீஸ்பூன்ல பாதி எடுத்து, மெல்லுற மாதிரி வாய அசைச்சு, பத்து எண்ணி, அப்புறம் நாக்க மேலண்ணத்துல ஒட்டி எடுத்து பாருங்க. கிரெயின் அங்க ஒன்னும் விட்டுவைக்கல, சுத்தமா துடைச்ச மாதிரி போயிடுச்சு. புஷ்மில்ஸ் இனிப்பா, மெல்லிசா, நடுநாக்குல நின்னு கரைஞ்சு போகுது. கிரீன் ஸ்பாட் மட்டும் மேலண்ணத்துல ஒரு படலம் போடுது, நாக்க எடுக்கும்போது லேசா இழுக்குது, அதுக்கு அப்புறம் கன்னத்து ஓரமா கிராம்பு, சுக்கு, வெள்ளை மிளகு வரிசையா ஏறுது. இந்த காரம் சாராயத்தோட எரிச்சல் இல்ல, நாலுமே 40 சதவீதத்துல இருக்கே! முழுங்கி ஒரு நிமிஷம் கழிச்சும் கன்னத்துல உக்காந்திருக்கு.

என் மச்சான வர வச்சு கிளாஸ மாத்தி மாத்தி வைக்க சொன்னேன், அவன் அடியில ஸ்டிக்கர் ஒட்டி எழுதிக்கிட்டான், எனக்கு தெரியாது. மூணு கிளாஸ், அதுல ரெண்டு ஒரே சரக்கு, ஒன்னு வேற, எது வேறன்னு சொல்லணும். புஷ்மில்ஸ், கிரீன் ஸ்பாட் ரெண்டையும் வச்சு பண்ணப்போ நான் மூக்க மூடிக்கிட்டு வாய் மட்டும் வச்சு பிரிச்சேன், அண்ணத்துல ஒட்டுறது எதுன்னு பாத்தா போதும். அவனுக்கு விஸ்கி பழக்கமே இல்ல, அவனையும் உக்கார வச்சேன். "இதுல ஒன்னு மட்டும் வாய்ல ஒட்டுதுடா, எண்ணெய் தடவுன மாதிரி"ன்னான், நான் ஒரு வார்த்தை கூட சொல்லிக்குடுக்கல. இத வேற யார் வேணாலும் வீட்டுல பண்ணிப் பாக்கலாம், டேஸ்டிங் நோட் எழுதுற பழக்கமெல்லாம் தேவையே இல்ல.

அப்புறம் பிளெண்ட். இறக்கி வச்ச கிரெயினையும் கிரீன் ஸ்பாட்டையும் மூணு சின்ன பாட்டில்ல கலந்தேன், ஒன்னு மூணு பங்கு கிரெயின் ஒரு பங்கு பாட் ஸ்டில், ஒன்னு சரிபாதி, ஒன்னு தலைகீழ். கலந்த உடனே குடிக்காதீங்க, ரெண்டும் ரெண்டா தெரியும், ஒரு ராத்திரி மூடி வச்சா ஒன்னு சேந்துடும். மறுநாள் ஜேம்சனோட வச்சு பாத்தா மூணுக்கு ஒன்னு கலந்ததுதான் ஜேம்சனுக்கு பக்கத்துல வந்துச்சு, அதே இல்ல, கிரீன் ஸ்பாட்டோட பழம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, ஜேம்சனுக்குள்ள போற பாட் ஸ்டில் வேற, பீப்பாய் வேற, விகிதமும் பாட்டில்ல எழுதியிருக்காது, அதனால இது அவங்க சூத்திரம்னு யாரும் எடுத்துக்கக்கூடாது. எனக்கு முக்கியமா பட்டது வேற. கால் பங்கு பாட் ஸ்டில் விழுந்ததுமே கிரெயினோட அந்த நெயில் பாலிஷ் வாசனை அடங்கிடுது, வாய்ல ஒரு கனம் வந்துடுது. சரிபாதியில கன்னத்து மிளகு தெளிவா வந்து நிக்குது. அதுக்கு மேல பாட் ஸ்டில்ல கூட்டினா கிரெயின் தனியா தெரியல, ஆனா கிரீன் ஸ்பாட்ட தனியா குடிக்கிறத விட லேசா காத்தோட்டமா இருக்கு, எனக்கு அது புடிச்சிருந்துச்சு. பிளெண்டுன்னா மட்டம்னு பேசுறவங்க ஒரு தடவ இத கலந்து பாக்கணும், கிரெயின் சும்மா நிரப்புறதுக்கு போடுறது இல்ல, பாட் ஸ்டில்ல வாசனையா மேல தூக்கி விடுது.

கடைசியா தண்ணி. இதுக்கு ரெட்பிரெஸ்ட் 12 காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது பீப்பாயில இருந்த வீரியத்துலயே அடைச்சது, எடுத்தேன், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சதவீதம் மாறும், என்கிட்ட இருந்தது 57 பக்கம். 20 மில்லி மூணு கிளாஸ்ல, ஒன்னு அப்படியே, ஒன்னுல 5 மில்லிக்கு கொஞ்சம் குறைவா தண்ணி விட்டு 46க்கு, இன்னொன்னுல எட்டரை மில்லி விட்டு 40க்கு. சாராயமும் தண்ணியும் சேந்தா அளவு லேசா சுருங்கும், அதனால கணக்கு மயிரிழை தப்பும், நாக்குக்கு தெரியாது. அப்படியே குடிச்சப்போ உலர்ந்த திராட்சை, கருப்பட்டி, அத்திப்பழம் எல்லாம் ஒன்னா முட்டிக்கிட்டு வந்துச்சு, ஆனா மிளகு எது, சாராய எரிச்சல் எதுன்னு பிரிக்க முடியல. 46ல பிரிஞ்சு நின்னுச்சு, அண்ணத்து படலம் அப்படியே இருந்துச்சு, எனக்கு சரியான இடம் அதுதான். 40ல வாசனை இன்னும் நல்லா திறந்துச்சு, வாய்ல கனம் குறைஞ்சுடுச்சு. தண்ணி விட்டா ஏன் வாசனை திறக்குதுங்கிறதுக்கு ஸ்வீடன்ல லின்னேயஸ் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர் 2017ல கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு பாத்தாங்க, குவையாக்கால்ங்கிற புகை வாசனைக்காரன் ஆல்கஹால் 45 சதவீதம் வரைக்கும் இருந்தா மேல்பரப்புக்கு வந்து நிக்குது, 59க்கு மேல போனா ஆல்கஹால் சூழ்ந்துக்கிட்டு உள்ளேயே இருந்துடுது. பாட் ஸ்டில்ல புகை கம்மி, ஆனாலும் கரிஞ்ச ஓக் பீப்பாயில இருந்து கொஞ்சம் வருமே.

அந்த 40க்கு இறக்கின கிளாஸ ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, லேசா பனி படிஞ்ச மாதிரி கலங்கும். இது குளிரூட்டி வடிகட்டாத சரக்கு, உள்ள கரைஞ்சிருந்த கொழுப்பு எஸ்டர் எல்லாம் தண்ணி கூடி சூடு குறைஞ்சதும் வெளிய வருது. நிறைய கம்பெனி இந்த கலங்கல் வரக்கூடாதுன்னே குளிர வச்சு வடிகட்டிடுறாங்க. 46 சதவீதத்துல அடைச்சா சாதாரணமா கலங்காது, டீலிங் (Teeling), பவர்ஸ் ஜான்ஸ் லேன் மாதிரி விஸ்கி எல்லாம் 46ல வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அண்ணத்துல ஒட்டுற சங்கதியில ஒரு பங்கு இதுதான்னு கண்ணால பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

குடிச்சு முடிச்ச கிளாஸ கழுவாம ஒரு ராத்திரி கவுக்காம வச்சுட்டு காலைல மோந்து பாருங்க. கிரெயின் கிளாஸ்ல மரத்தூள், கொஞ்சம் வெனிலா. புஷ்மில்ஸ்ல தேன் மெழுகு. கிரீன் ஸ்பாட்டும் ரெட்பிரெஸ்ட்டும் ஊத்தின கிளாஸ்ல அந்த ஃபிளாஸ்க்க திறந்தப்போ வந்த தானிய வாசனை, காஞ்ச பார்லி மாவு, சந்தேகமே இல்லாம.

மிடில்டன் பக்கம் வர்றவங்க பழைய டிஸ்டிலரிக்குள்ள 1825ல செஞ்ச அந்த செம்புப் பானைய பாக்காம போகாதீங்க, 31,618 கேலன், லிட்டர்ல சொன்னா 1,43,000க்கு மேல, உலகத்துலயே பெரிய பாட் ஸ்டில் அதுதான், பக்கத்துல போய் நின்னா தலைய அண்ணாந்துதான் பாக்கணும். புது டிஸ்டிலரி 1975ல ஆரம்பிச்ச வரைக்கும் அதுல வடிச்சிருக்காங்க. இதையெல்லாம் வீட்டுல பண்ணிட்டு போய் பாத்தா கைடு சொல்றதுல பாதி ஏற்கனவே நாக்குல இருக்கும், மிச்ச நேரத்துல கேள்வி கேக்கலாம்.

அடுத்து மூணாவது ஃபிளாஸ்க்ல 5 கிராம் பார்லிய எடுத்துட்டு ஓட்ஸ் போட்டு பாக்கணும், அப்புறம் அதையே 20 கிராமா கூட்டி. வடிக்கப்போறது இல்லன்னாலும் கூழோட வாசனை எவ்வளவு மாறுதுன்னு தெரிஞ்சா, அந்த 5 சதவீத சண்டையில யார் பக்கம் நிக்கிறோம்னு கொஞ்சம் தெம்பா பேசலாம். ஓட்ஸ் போட்டா துணியில வடிகட்டுறது இன்னும் பாடுதான், யாராவது ஏற்கனவே பண்ணியிருந்தா எப்படி வடிகட்டுனீங்கன்னு சொல்லுங்க.